நூல்மேல் பூனை: மாசி மாதத்துச் சோரியாங்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திறந்து வைத்த புத்தகத்தின் மேல் பூனை வந்து படுத்துக்கொள்வது ஏன் என்ற கேள்வி தமிழாய்வுலகில் உரிய கவனம் பெறாமலே இருந்துவருகிறது. சங்க இலக்கியத்து யானையை ஆராய்ந்தார்கள், யாழை ஆராய்ந்தார்கள், வளையலையும் விட்டுவைக்கவில்லை. நாள்தோறும் நம் மடியருகே நடக்கும் இந்த நிகழ்வு மட்டும் யாருக்கும் தலைப்பாகத் தோன்றவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கப் புகுந்தது இக்கட்டுரை. நெறியாளர் யாரும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் யாரும் நெறிக்கு அடங்குகிறவர்களும் அல்லர்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். களம், பாகூர்க் கொம்யூனில் தென்பெண்ணையாற்று வடகரையில் உள்ள சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் கடலூர், அதாவது தமிழ்நாடு. எல்லையோரத்துப் புதுச்சேரி ஊர் என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு வேறொரு திரவம் நினைவுக்கு வரக்கூடும். அது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது. பூனை குடிப்பது பால்.

காலம், பின்பனி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனிக்குக் கொடுத்தார்கள். பிப்ரவரி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பிரான்சிலிருந்து வந்தவர்கள் இதைக் கோடை என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். நம்மவர்கள் அதே காலையில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார்கள். இருவரில் பூனை யார் பக்கம் என்றால், நம் பக்கம். விலங்கியலாரும் அதைத்தான் சொல்கிறார்கள்: உடம்பைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ தனியாக உழைக்க வேண்டாத வெப்பநிலை பூனைக்கு ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி வரை. மாசிக் காலையில் சிமெண்டுத் தரை அதற்கு ஒரு கொடுமை.

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பது பழமொழி. இதை இதுவரை மனிதக் கண்ணோடுதான் படித்திருக்கிறோம். பூனைக் கண்ணோடு படித்தால் ஓர் இடப்பெயர்ச்சி வரலாறே இதில் கிடைக்கிறது. தையில் தரை ஆகாது, மச்சுக்கு ஏறு. மாசியில் மச்சும் ஆகாது, எங்கே போவது? தரைக்கும் மச்சுக்கும் நடுவே மனிதர் வீட்டில் இருப்பது மேசை, கட்டில், புத்தக அலமாரி. ஆகவே மாசியில் பூனை நூலை அடைகிறது என்பது பழமொழியாலேயே பெறப்படும்.

அற்றேல், கட்டிலில் படுக்கலாமே எனின், கட்டிலில் மாமியார் படுத்திருக்கிறார் என்க.

பனி மட்டும் காரணம் என்றால் மார்கழியிலும் இது நடக்க வேண்டும். நடக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. மாசிக்கென்று இரண்டு துணைக் காரணங்கள் உண்டு. ஒன்று, சம்பா அறுவடை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். தை கடந்து மாசிக்குள் அறுவடை இயந்திரம் வயலைவிட்டு வெளியேறும்போது, வளைக்குள் நெற்கதிர் சேர்த்து வாழ்ந்த வரப்பெலிகளுக்கு மேலே மறைவு இல்லாமல் போகிறது. அவை வைக்கோல் போருக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் வருகின்றன. இரவெல்லாம் பூனைக்கு வேலை. இரவுப் பணி முடித்தவருக்குப் பகலில் படுக்கை வேண்டும். இரண்டாவது காரணம் சென்னையில் இருக்கிறது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி ஆண்டுதோறும் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கிறது. பத்து விழுக்காடு கழிவுக்கு மயங்கி வாங்கியவை மாசி மாதத்தில்தான் பையோடு கூடத்தில் கிடக்கும். அலமாரியில் இடம் இல்லை, படிக்க நேரம் இல்லை, வாங்கியதைப் பற்றி வீட்டில் பேச்சும் முடியவில்லை. எலி வயலைவிட்டு வருவதும், காட்சி நடக்கும் நந்தனத்தைவிட்டு வந்த புத்தகம் கூடத்தில் கிடப்பதும் ஒரே மாதத்தில் நிகழ்வதை இதுவரை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை.

இனி முன்னோர் கருத்து. தமிழின் முதல் பூனையறிஞர் ஒக்கூர் மாசாத்தியார். மறக்குடித் தாய் மகனைப் போருக்கு அனுப்பும் புறநானூற்றுப் பாட்டுக்காகத்தான் அவரைப் பள்ளிப் புத்தகங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. குறுந்தொகையில் அவர் செய்திருப்பதைப் பாருங்கள். 139ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகு வரக்கண்ட பெட்டைக்கோழி குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. 220ஆம் பாட்டில், முல்லை மொட்டு அவருக்கு வெருகின் சிரிப்பாகத் தெரிகிறது. பூனை சிரித்தால் பல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமானால் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கொட்டாவியைத்தான் சிரிப்பு என்றாரோ என்பது என் ஐயம். எங்கள் வீட்டு வெள்ளச்சி கொட்டாவி விடும்போது நான்கு கோரைப்பல்லும் சரியாக முல்லை மொட்டின் அளவும் நிறமுமாக இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டாகியும் உவமை ஒரு நூல்கூட நகரவில்லை.

தொல்காப்பிய மரபியல் வெருகையும் எலியையும் ஒரே நூற்பாவில் அடைத்து, இரண்டின் பிள்ளைக்கும் குட்டி என்ற ஒரே பெயரைக் கொடுக்கிறது. கீரியும் அணிலும் உடன் இருக்கின்றன. அந்த நூற்பாவுக்குள் இரவில் என்ன நடந்திருக்கும் என்று உரையாசிரியர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கம்பர் தம்மையே பாற்கடலை நக்கித் தீர்க்கப் புறப்பட்ட பூனை என்று அவையடக்கம் பாடினார். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்கால்களில் நின்று, முன்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு சுற்றுகின்றன. 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் இருந்த பாரதி, ‘முரசு’ பாட்டில் ஒரு வெள்ளைப் பூனைக்கு நிறத்துக்கு ஒரு குட்டியாகப் பெறவைத்து, சாதி வேற்றுமைக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்.

ஆக, தமிழ்ப் பூனை வேலியில் இருந்திருக்கிறது, கடற்கரையில் இருந்திருக்கிறது, பாறையில் இருந்திருக்கிறது. புத்தகத்தின் மேல் இருந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. ஏன்?

விடை எளிது. ஓலைச்சுவடியின் அகலம் இரண்டு மூன்று விரற்கடை. அதில் ஓணான் படுக்கலாம். பூனை படுக்க முடியாது. எனவே நூல்மேல் பூனை என்னும் நிகழ்வு அச்சுக்குப் பிற்பட்டதே. தமிழில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் 1578இல் வெளிவந்தது. அதைக் காலத்தின் மேல் எல்லையாக வைக்கலாம் என்றால், அது பதினாறே பக்கம் கொண்ட சிறு வெளியீடு. பூனையின் ஒரு காலுக்குக்கூடக் காணாது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது தமிழில் படுக்கத் தக்க கனமுள்ள புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. தரங்கம்பாடி கடற்கரை ஊர், மீனுக்குக் குறைவில்லை, ஆகவே பூனைக்கும் குறைவிருந்திருக்காது. தமிழ்ப் பூனை முதன்முதலில் நூல்மேல் அமர்ந்த ஆண்டு 1715 என்று இவ்வாய்வு துணிகிறது. மறுப்பவர்கள் சான்று காட்டட்டும்.

மேலைநாட்டார் நமக்கு முந்திவிட்டார்கள். அவர்களிடம் தாளும் தோலும் இருந்தன. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் ஆவணக்காப்பகத்தில் 1445ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில், எழுதிக்கொண்டிருந்த பக்கத்தின் குறுக்கே ஒரு பூனை மையில் மிதித்து நடந்த காலடிகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 9ஆம் நூற்றாண்டில், அயர்லாந்துத் துறவி ஒருவர் பாங்குர் பான் என்ற தம் வெள்ளைப் பூனையைப் பற்றிப் பாட்டு எழுதினார். அவர் நூலை வேட்டையாடுகிறார், அது எலியை வேட்டையாடுகிறது. ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை என்பது அதன் சாரம். கண்ணியமான பூனை. எங்கள் ஊரில் அந்த இனம் இல்லை.

அதே 9ஆம் நூற்றாண்டில் எங்களுக்கு அடுத்த பாகூரில் ஓர் உயர்கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் அந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தியை 1879இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. கொடை உண்டு, ஊர்ப்பெயர் உண்டு, எல்லை உண்டு. பூனை மட்டும் இல்லை. பூனை இல்லாத கல்விச்சாலையில் எலி இருக்கும். எலி இருந்தால் ஓலை தேறாது. அதனால்தான் முக்கியமான செய்தியைச் செம்பில் வெட்டினார்கள் என்று நான் கொள்கிறேன். அங்கே படித்த மாணவர்களின் ஓலைகளில் ஒன்றாவது நம் கைக்கு வந்திருக்கிறதா? இதைவிட என்ன சான்று வேண்டும்!

அறிவியல் துறைக்கு வருவோம். பிரெஞ்சு இயற்பியலர் மார்க்-அந்துவான் பர்தேன், பூனை திடப்பொருளா திரவமா என்ற கேள்வியைப் பாய்பொருளியல் சூத்திரங்களால் ஆராய்ந்து, 2017இல் இக் நோபல் பரிசு பெற்றார். கொள்கலத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வது திரவம். பூனை பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. போதிய நேரம் கொடுத்தால் அதைத் திரவம் என்று சொல்ல இடமுண்டு. நல்ல ஆய்வுதான், ஆனால் விரித்த புத்தகத்தைக் கொள்கலமாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. நடுவில் பள்ளம், இருபுறமும் சரிவு: பூனைக்கென்றே வார்த்த அச்சு அது.

பூனை ஆய்வுப்பொருள் மட்டுமன்று, ஆய்வாளரும்கூட. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலர், கடுங்குளிரில் ஹீலியம்-3 எப்படி நடந்துகொள்கிறது என்று தனியாளாக ஒரு கட்டுரை எழுதி, அது முழுக்க “நாங்கள்” என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒருவர் எழுதினால் அப்படிப் போடக்கூடாது என்று நண்பர் எச்சரித்தார். கணினியில் தட்டச்சு செய்யும் வழக்கம் வராத காலம். முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தம் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். 1975இல் ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் கட்டுரை வெளியாயிற்று. 1980இல் அதே வில்லார்ட் தனி ஆசிரியராக இன்னொரு கட்டுரை வெளியிட்டது, அதுவும் பிரெஞ்சு மொழியில். பிரெஞ்சு தெரிந்த பூனை என்றால் அது புதுச்சேரிக்கு வராமல் ஏன் மிச்சிகனில் இருந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

எங்கள் வீட்டிலும் பிரெஞ்சுத் தொடர்புள்ள ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். எந்தப் போரிலும் கலந்துகொண்ட அடையாளம் இல்லாமல், வேளை தவறாமல் தட்டுக்கு வந்து நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எலி பிடிக்கும் வேலையெல்லாம் வெள்ளச்சியுடையது.

களஆய்வுக்கு மாசி மகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அன்று ஊர் இருக்காது. தீர்த்தவாரிக்காகப் பாதிப்பேர் ஆற்றைத் தாண்டித் தேவனாம்பட்டினத்துக்கும், மீதிப்பேர் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் விடியலிலேயே வண்டி கட்டிவிடுவார்கள். மாமியாரும் போய்விட்டார். எதிர்வீட்டு டிவி மூச்சுவிடவில்லை. கட்டில் காலியாக இருந்தது. அதாவது, பனிக்கொள்கையின்படி பூனை அன்று கட்டிலுக்குத்தான் போயிருக்க வேண்டும். சோதனைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

கூடத்தில் பாய் விரித்து, பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவலைத் திறந்தேன். 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. டூப்ளே காலத்துப் புதுச்சேரி. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பை ஒட்டி நடக்கும் கதை. அந்த டூப்ளேயின் படையை 1752இல் ஆங்கிலேயர் தோற்கடித்தது எங்கள் பாகூரில்தான். வெளியே அதே மண்ணில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கம் தாண்டியதும் கண்ணாடி துடைக்கத் துண்டு தேடி எழுந்தேன்.

சொல்தா நேராக வரமாட்டான். புத்தகத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அதைக் கண்டதே இல்லை என்பதுபோல வாசலைப் பார்த்தான். பிறகு, மூட்டைக்குள் கைவிட்டு நெல்லின் ஈரம் பார்க்கும் வியாபாரியைப் போல வலது முன்காலை நீட்டிப் பக்கத்தின் ஓரத்தை அழுத்தினான். எடுத்தான். இன்னொரு முறை அழுத்தினான். தாள் தரையைவிடச் சூடு என்பது உறுதியானதும் நான்கு காலும் உள்ளே வந்தன. நடுப்பள்ளத்தில் முன்கால்களை மாற்றி மாற்றி மிதித்ததில் முதுகுப் பசை ‘டப்’பென்று விட்டது. இடுப்பு இடப்பக்கத்தில், மார்பு வலப்பக்கத்தில், வால் கடைசி மூன்று வரிக்குக் குறுக்கே. நான் வந்து புத்தகத்தை மெல்ல இழுத்தேன். அவன் எழவில்லை, சீறவும் இல்லை, கனமானான். ஒரு பூனை தன் எடையை விருப்பம்போலக் கூட்டிக்கொள்வதை பர்தேன் கணக்கில் சேர்த்திருக்கிறாரா தெரியவில்லை. காது மட்டும் ஒரு தரம் பின்னால் மடங்கி நிமிர்ந்தது.

பக்கத்திலேயே விலை கூடிய ஒரு புத்தகத்தை விரித்து வைத்தேன். அதை அவன் சட்டை செய்யவில்லை. நான் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கியதும் வெள்ளச்சி வந்து அதில் படுத்தாள். கட்டில் காலியாகவே இருந்தது. இங்கேதான் பனிக்கொள்கை உடைகிறது. சூடு மட்டும் வேண்டுமென்றால் எந்தப் புத்தகமும் போதும், போர்வை இன்னும் நல்லது. படிக்கப்படும் புத்தகம்தான் வேண்டும் என்பது வேறு வகை நோக்கம்: காவல். ரஷ்யப் பேரரசி எலிசபெத் 1745இல் தம் குளிர்கால அரண்மனைக்கு எலி பிடிக்கும் பூனைகளைக் கொண்டுவர ஆணையிட்டார். அவ்வரண்மனையின் வழிவந்த ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பூனைகள் இன்றும் இருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசலை 1909 முதல் 1929 வரை மைக் என்ற பூனை காத்தது. அது இறந்தபோது எகிப்தியல் அறிஞர் வாலிஸ் பட்ஜ் இரங்கல் எழுதினார். எல்லாரும் பூனை எலியிடமிருந்து நூலைக் காக்கிறது என்றே எழுதிவிட்டார்கள். வாசகனிடமிருந்தும் காக்கிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எலி தின்றால் ஓரம்தான் போகும். வாசகன் முனையை மடிப்பான், அடிக்கோடிடுவான், எச்சில் தொட்டுப் புரட்டுவான், இரவல் கொடுப்பான். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று பூனைக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்குத் தத்துவப் பின்புலமும் உண்டு. வைணவத்தில் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல அடியவன் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விப்போவதுபோல இறைவனே எடுத்துக்கொள்வான், நாம் சும்மா இருக்கலாம் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வடகலையின் பேராசான் வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த திருவகீந்திரபுரம் தென்பெண்ணைக்கு அக்கரையில், கெடிலத்தின் கரையில் இருக்கிறது. அக்கரையில் குரங்கு, இக்கரையில் பூனை. நடுவில் மணல் தெரியும் ஆறு. நான் புத்தகத்தைப் பற்றிக்கொண்டிருந்தவரை மர்க்கட நியாயத்தில் இருந்தேன். பிற்பகல் மூன்று மணிவாக்கில் கையை எடுத்துவிட்டுப் பாயில் சாய்ந்தேன். அதன்பின் நாவல் நகரவில்லை, எனக்கும் குறை இல்லை.

ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு உண்டல்லவா? புறத்தேர்வாளராக மறுநாள் காலை மூர்த்திக்குப்பத்து மீன்கார ஆயா வந்து சேர்ந்தார். கூடையை இறக்கும்போதே சொல்தா திண்ணையில் ஆஜர். என் மனைவி காரப்பொடி மீன் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் கண்டுபிடிப்பைச் சுருக்கமாக விளக்கினேன்.

“இன்னா வாத்தியாரே, இதுக்கா ஒரு நாளு பூரா ஒக்காந்த? நீ மீன் துன்ன கையோட பொஸ்தவத்தத் தொடுற. அது நாத்தத்துக்கு வருது” என்றார் ஆயா.

“இல்ல ஆயா. நேத்து மகம். வீட்ல கவிச்சியே இல்ல” என்றேன். எதிர்க்கட்சியை மகத்தை வைத்தே மடக்கிவிட்டதாக நினைப்பு.

“நேத்து இல்ல, சரி. முந்தாநேத்து? அதுக்கு மொத நாளு? நீ அந்தப் பொஸ்தவத்த எப்பலேர்ந்து படிக்கிற?”

“பொங்கல்லேர்ந்து” என்று உள்ளேயிருந்து மாமியார் பதில் சொன்னார்.

இம்மறுப்பு வெள்ளச்சி படுத்த இரண்டாவது புத்தகத்துக்குப் பொருந்தாது. அது மையும் பசையும் மட்டுமே மணக்கும் புதுப்புத்தகம். அதை எடுத்துவந்து ஆயாவின் மூக்கருகே நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, “இன்னா வெல?” என்று கேட்டார். சொன்னேன். என் மனைவி காரப்பொடியைக் கூடையிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.